பாதி ஓடுபாதை

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, பின்வரிசையில் பூச்சரத்தோடும் புளிசாதப் பொட்டலத்தோடும் வந்திருக்கும் அம்மாக்களே!

தமிழில் பேசலாமா என்று கேட்டேன். தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் கூடியிருக்கிற அரங்கில் அதற்கெல்லாம் அனுமதி கேட்கணுமா என்று கல்லூரி முதல்வர் சிரித்தார். மூன்றில் நான் தாராவிக்காரன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு இங்கே வந்தவர். விமானத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், குர்லா பக்கம் அது தாழ்ந்து இறங்கும்போது அண்ணாந்து பார்ப்பதுதான். பிறகு அதே விமானங்களின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டு 34 வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தேன்.

இந்த ஊரில் பவாய்ப் பக்கம் குடியிருந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விங் கமாண்டர் தீபக் வசந்த் சாத்தே. அப்பா ராணுவத்தில் பிரிகேடியர். சகோதரர் ராணுவத்தில் கேப்டனாக இருந்தபோது இளம் வயதிலேயே போய்விட்டார். இவர் கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாதமி, பிறகு விமானப்படை அகாதமி. 1981-இல் பயிற்சி முடித்தபோது அந்த அணியின் முதல் மாணவனுக்குத் தரும் கௌரவ வாள் இவர் கைக்கு வந்தது. 22 வருஷம் போர் விமானி. சோதனை விமானியாகவும் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு விபத்தில் மண்டையில் அடிபட்டு ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இனிப் பறக்கவே மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எழுந்து வந்தார், மறுபடியும் பறந்தார். 2003-இல் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, பயணிகள் விமானத்துக்கு வந்தார். மனைவி, இரண்டு மகன்கள். நாக்பூரில் வயதான அப்பா, அம்மா.

கொரோனா வந்த 2020-இல், வளைகுடாவில் வேலை போய், விசா முடிந்து தவித்தவர்களைக் கூட்டிவரும் 'வந்தே பாரத்' விமானங்களை ஓட்டினார். போகும்போது காலி விமானமாகவா கொண்டுபோகிறீர்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் கேட்டதற்கு, ஏன் காலியாக, காய்கறியும் பழமும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போகிறோமே என்றாராம். அம்மாவிடம், வெளியே போகாதே, உனக்கு ஏதாவது ஆனால் தாங்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆகஸ்ட் 8 அந்த அம்மாவுக்கு 84-ஆவது பிறந்தநாள். முடிந்தால் நாக்பூர் போய் அவரை அசத்தவேண்டும் என்பது ஆசை.

ஆகஸ்ட் 7 மாலை, துபாயிலிருந்து 190 பேரோடு கோழிக்கோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, கொட்டும் மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமான நிலையத்தை ஒட்டிய கொண்டோட்டி ஊர்க்காரர்கள் அது நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்பதையும் பார்க்காமல், மழையில் ஓடிவந்து, அடிபட்டவர்களைத் தங்கள் கார்களில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ராத்திரியெல்லாம் ரத்தம் கொடுக்க வரிசை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடியது. கேப்டன் வானத்திலேயே வட்டமடித்து எரிபொருளைத் தீர்த்துவிட்டு, தீப்பிடிக்காமல் இறக்கினார் என்று. உங்கள் வீட்டுக் குரூப்பிலும் வந்திருக்கும். துக்க வீட்டில் பிறக்கிற கதை அது, யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் விசாரணை அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. 2021-இல் அது வெளியானபோது ஒரு வரி விடாமல் படித்தேன். ஒரு நல்ல மனிதரை நினைப்பதற்குப் பொய் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

அறிக்கை சொல்வது இது. முதல் தடவை இறங்கப் பார்த்தபோது கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டது. ஓடுபாதை தெரியவில்லை. மேலே தூக்கிவிட்டார். அது சரியான முடிவு. இரண்டாம் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து, காற்று முதுகில் தள்ள, இறங்கினார். ஓடுபாதையின் நீளம் 8,858 அடி. சக்கரம் தரையைத் தொட்டது 4,438 அடி கடந்த பிறகு. பாதி பாதை காலடியில் வீணாகப் போய்விட்டது. மிச்சப் பாதியும் மழையில் நனைந்து கிடந்தது. அதற்கப்பால் பள்ளம். மலையுச்சியை மேசைபோல வெட்டிச் செய்த விமான நிலையம் அது.

இறங்கும் வேகம் அதிகமாக இருக்கிறது என்று துணை விமானி அகிலேஷ் சர்மா எச்சரித்தார். 32 வயது, வீட்டில் கர்ப்பிணி மனைவி. கடைசி நொடிகளில் 'கோ அரவுண்ட்' என்றார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்: இறங்காதே, முழு விசை கொடு, மேலே போ. கேப்டன் போகவில்லை. வேறு நிலையத்துக்குப் போக எரிபொருளும் இருந்தது.

ஏன் போகவில்லை? அவர் பதில் சொல்ல இல்லை. அறிக்கை அவர்மேல் மட்டும் பழியைப் போடவில்லை. கோழிக்கோட்டில் துணை விமானிகள் பலர் இருந்தும் கேப்டன் ஒருவர்தான். மறுநாள் காலை விமானத்தை அவரே ஓட்ட வேண்டும். வேறு ஊரில் இறங்கினால் அந்த விமானம் நின்றுபோகும். கடமையுணர்ச்சி உள்ளவரை இந்த மாதிரி கணக்குகள்தான் பிடித்துத் தள்ளும், சோம்பேறிக்கு அந்த ஆபத்தே கிடையாது. இன்னொன்று நான் சேர்த்துக்கொள்வேன். ஒருமுறை மேலே தூக்கியவருக்கு இரண்டாவது முறையும் தூக்குவது கஷ்டம். பத்தாயிரம் மணி நேரத்துக்குமேல் பறந்த கைக்குத் தன்மேல் நம்பிக்கை இருக்கும்.

அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2010 மே 22 அன்று மங்களூரிலும் இதே கதைதான். அதே மாதிரி மலையுச்சி, அதே நிறுவனம். அங்கேயும் துணை விமானி கோ அரவுண்ட் என்று மூன்று முறை சொன்னார். 158 பேர் போனார்கள்.

மேலே இருந்தவர்களை நான் சுலபமாகப் பேசிவிடக்கூடாது. என் கதையையும் கேளுங்கள். ஒரு ராத்திரி ஷிப்டில் விமானத்தின் தரைப் பலகையை மூடி, கையெழுத்துப் போட்டு, விமானத்தை விடவேண்டிய நேரம். கருவிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்தில் நிழல் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லா நிழலும் மூடியிருக்க வேண்டும். வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன், நம்ம தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்காரன், பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, ஒரு ஸ்பேனர் குறையுதுண்ணே." எனக்கு எரிச்சல். எவனாவது பையில் போட்டிருப்பான், அப்புறம் பாரு, கையெழுத்தைப் போடு என்றேன். அவன் பேனாவை எடுக்கவில்லை. "குறையுதுண்ணே" என்றான் மறுபடியும், தலையைக் குனிந்துகொண்டு. கோபத்தோடு தரைப் பலகையைத் திறந்தேன். கன்ட்ரோல் கேபிள் ஓடுகிற இடத்தில், என் சட்டைப் பையிலிருந்து நழுவிய ஸ்பேனர் கிடந்தது. என்னுடையதுதான். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். எல்லாரிடமும் நான் திட்டு வாங்கினேன். அவனுக்கு நன்றி சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரம்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

நாளை வேலைக்குப் போனதும் நீங்கள்தான் அந்த அறையில் சின்னவர்கள். சீக்கிரமே பெரியவர்களும் ஆவீர்கள், நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம். அப்போது உங்களைவிட இருபது வயது குறைந்த ஒருவர் "சார், இது சரியில்லை" என்பார். அவர் மறுபடி சொல்லவேண்டிய நிலைமை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாத்தேவின் இறுதிச் சடங்கு விக்ரோலியில் அரசு மரியாதையோடு நடந்தது. அந்த மரியாதை அவருக்கு உரியது. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். விபத்தில் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் சேர்ந்து, தங்களைத் தூக்கிய அந்த ஊருக்கு ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டித்தர முன்வந்தார்கள். அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் மேடை ஏறும்போது, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "அங்கிள், இடதுபக்கம் ரெண்டாவது படி ஆடுது" என்றாள். பட்டம் வாங்கியதும் எல்லாரும் வலதுபக்கமாக இறங்குங்கள். வாழ்த்துகள்.