சிப்பி வெந்தால் என்ன வரும்?



பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் பரீட்சை நெருங்கினால் ஒரு முணுமுணுப்பு கேட்கும். "கால்சியம் கார்பனேட் அம்புக்குறி கால்சியம் ஆக்சைடு கூட்டல் கார்பன் டை ஆக்சைடு" என்று மந்திரம் மாதிரி உருப்போடுவார்கள். கேள்வித்தாளில் கால்சியத்துக்குப் பதில் துத்தநாகத்தைப் போட்டுவிட்டால் மந்திரம் பலிக்காது. வினைவிளை பொருளை நெட்டுருப் போட வேண்டாம், யோசித்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு நம் குமரி மாவட்டத்தில் நடக்கிற காரியங்களே போதும். வானொலியில் கரும்பலகை கிடையாது. அணுக்களைக் காதால் எண்ணிக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் வருவதற்கு முன்னால் கடற்கரை ஊர்களில் சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். சிப்பி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. காளவாயில் அடுக்கி ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேக விடுகிறோம். மாறுகிற பொருள் ஒன்றே ஒன்று, வேறெதுவும் அதோடு சேரவில்லை. ஆகவே அது உடையத்தான் வேண்டும். இது சிதைவு வினை. எந்த இடத்தில் உடையும்? வாயுவாகக் கிளம்பக்கூடிய துண்டு எது என்று பாருங்கள். ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். மூன்றில் இரண்டு போக மிச்சம் ஒரு ஆக்சிஜன், கால்சியத்தோடு. அதுதான் சுட்ட சுண்ணாம்பு. துத்தநாகக் கார்பனேட், காப்பர் கார்பனேட் என்று எது வந்தாலும் இதே கணக்குத்தான். சோடியம், பொட்டாசியம் போன்றவற்றின் கார்பனேட்டுகள் மட்டும் இப்படி எளிதில் உடையாது.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது கொதித்துப் பொங்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்க முடியாது. அவ்வளவு வெப்பம் வெளியே வந்தாலும் பொருள் எதுவும் பிரிந்து போவதில்லை. தண்ணீரும் சுண்ணாம்பும் ஒன்றாகி கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகின்றன. இது சேர்க்கை வினை.

அடுத்த படியைப் பார்க்கப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். அங்கே கறுத்துப் பளபளக்கும் தரையில் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் இருப்பதாகச் சொல்வார்கள். கேட்பவர்கள் முட்டையில் அசந்துபோய் நிற்க, சுண்ணாம்பை யாரும் கவனிப்பதில்லை. இறுக்கிப் பிடிக்கிறது அதுதான் என்பது என் கட்சி. சுண்ணாம்பு 'காய்கிறது' என்று சொன்னாலும் ஈரம் போவது மட்டுமல்ல அங்கே நடப்பது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல உள்ளே இழுக்கிறது. காரமும் அமிலத் தன்மையுள்ள ஆக்சைடும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் வரும். அந்த உப்பு என்ன? மறுபடியும் கால்சியம் கார்பனேட். காளவாய்க்குள் போன அதே பொருள்!

இனி உப்பளம். சுவாமித்தோப்பு, புத்தளம் பக்கம் போகிறவர்கள் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய உண்டு. அதில் சுண்ணாம்புத் தண்ணீரை விட்டால்? இரண்டு சேர்மங்கள், இரண்டிலும் உலோகம். மெக்னீசியம் குளோரைடை விட்டுவிட்டு ஹைட்ராக்சைடைப் பிடிக்கும். கால்சியம் குளோரைடை எடுத்துக்கொள்ளும். இது இரட்டை இடப்பெயர்ச்சி. மெக்னீசியத்தின் இணைதிறன் இரண்டு, ஹைட்ராக்சைடுக்கு ஒன்று. ஆகவே ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு. அது தண்ணீரில் கரையாது, வெள்ளையாகக் கீழே படியும். அந்த வீழ்படிவுதான் வினை நடந்ததற்குச் சாட்சி. சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தால் வீழ்படிவும் இல்லை, வாயுவும் இல்லை. 'வினை நிகழாது' என்று துணிந்து எழுதுங்கள், அதுவும் விடைதான்.

நகைத் தொழிலுக்கு வருவோம். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு. தங்கத்தோடு கலந்த வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பிரிப்பது நகைத் தொழிலில் பழைய முறை. கரைந்த வெள்ளியை எப்படித் திரும்ப எடுப்பது? கரைசலில் ஒரு செப்புத் தகடு போட்டால் போதும். வினைபடுதிறன் வரிசையில் வெள்ளிக்கு மேலே இருப்பது செம்பு. செம்பு கரைசலுக்குள் போகும், வெள்ளி சாம்பல் நிறத் துகளாகத் தகட்டில் ஒட்டும். மாற்றிச் செய்தால், அதாவது செம்புக் கரைசலில் வெள்ளியைப் போட்டால், ஒன்றும் நடக்காது.

இதே இடத்தில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். "உலோகமும் அமிலமும் சேர்ந்தால் உப்பும் ஹைட்ரஜனும்" என்று படித்ததைச் செம்புக்கும் எழுதிவிடுவார்கள். வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பது செம்பு. அதனால் ஹைட்ரஜனைத் துரத்த முடியாது. அடர் நைட்ரிக் அமிலத்தில் செம்பைப் போட்டால் கிளம்புகிற பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. நச்சுப் புகை அது, வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ரப்பர் தோட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம், எடுத்த பால் சீக்கிரம் உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா விடுவார்கள். ஷீட் அடிக்க உறைய வைக்கும்போது 'ஆசிட்' என்று ஃபார்மிக் அமிலம் விடுவார்கள். அம்மோனியா கூடிப்போனால் ஆசிடும் கூடுதலாகச் செலவாகும். ஏனென்றால் இரண்டும் சேர்ந்து அம்மோனியம் ஃபார்மேட் ஆகிவிடுகிறது. அமிலமும் காரமும் என்றதும் கை தானாகவே 'தண்ணீர்' என்று எழுதும். எழுதாதீர்கள். அம்மோனியாவில் ஆக்சிஜனே இல்லை. இங்கே உப்பு மட்டும்தான்.

மனப்பாடமே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். இணைதிறன்களும் வினைபடுதிறன் வரிசையும் தலைகீழாகச் சொல்லத் தெரிய வேண்டும். அது தெரிந்தவனுக்கு நூறு சமன்பாடு தேவையில்லை.

பிள்ளைகளே, விளைபொருளின் வாய்பாட்டைச் சரியாக எழுதிய பிறகுதான் சமன் செய்யத் தொடங்குங்கள். அப்போது முன்னால் நிற்கிற எண்ணை மட்டும் மாற்றுங்கள். கீழே இருக்கிற சிறு எண்ணில் கை வைக்காதீர்கள். ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று தண்ணீரின் வாய்பாட்டில் ஒரு சிறு இரண்டைச் சேர்த்தால், அது தண்ணீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு.