பாழ்நிலத்தில் சொல்லின் பயன்: ‘ஃபால்அவுட்’ என்னும் கணிப்பொறி விளையாட்டை முன்வைத்து



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா மேடையில் ஒரு கணிப்பொறி விளையாட்டைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம்; சிலர்க்கு வருத்தமாகவும் இருக்கலாம். விளையாட்டு என்பது பிள்ளைகளுக்குரியது, பொழுதைத் தின்பது என்னும் எண்ணம் எளிதில் மாறாது. அந்த எண்ணத்தைக் காட்டிலும் வலுவான ஒரு தடை உண்டு. கதைப்போக்கை ஆடுபவரே முடிவு செய்கிறார் எனின், ஆசிரியன் சொல்வதற்கு என்ன எஞ்சும்? கொல்லவும் காக்கவும் ஒருங்கே இடந்தரும் படைப்புக்கு அறநோக்கு என ஒன்று இருக்க இயலுமா? படைப்பாளர் அவை கேட்கத் தக்க கேள்வி இது. இதற்கு 1997ஆம் ஆண்டிலேயே விடை தந்த படைப்பு ‘ஃபால்அவுட்’.

அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து இறங்கி மண்மேல் படியும் நச்சுத் துகளை ஆங்கிலத்தில் ஃபால்அவுட் என்பர். அப்பெயரிய விளையாட்டைக் கலிபோர்னியாவில் இயங்கிய இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்டது. அந்நிறுவனமே 1988இல் ‘வேஸ்ட்லேண்ட்’ என்னும் விளையாட்டை உருவாக்கியிருந்தது. அணுப்போருக்குப் பிந்திய உலகமே அதன் களமும் ஆகும். அப்பெயரின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருந்தமையால் புதுப்பெயரில் புதுக்கதை பிறந்தது. டிம் கெய்ன் 1994இல் ஏறத்தாழத் தனியாளாகத் தொடங்கிய பணி இது. லியனார்ட் பாயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன், கிறிஸ் டெய்லர் முதலானோர் பின்னர் உடன்சேர்ந்தனர். வேறொரு நிறுவனத்திடம் உரிமம் பெற்ற விதிமுறையைக் கொண்டே ஆட்டத்தை அமைத்துவந்தனர். 1997இன் தொடக்கத்தில் அவ்வுறவு முறிந்தது. சில வாரங்களில் சொந்தமாக ஒரு விதிமுறையைப் படைத்துக்கொண்டனர். இன்று பலரும் போற்றுவது அவசரத்தில் பிறந்த அந்த விதிமுறையையே என்பது ஒரு வேடிக்கை.

தொடக்கக் காட்சி நினைவில் நிற்பது. இங்க் ஸ்பாட்ஸ் குழுவினர் பாடிய ‘மேபி’ என்னும் பழைய காதற்பாட்டு இழைகிறது. கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் மகிழுந்து விளம்பரம். வீட்டுவேலை செய்யும் எந்திரத்தின் விளம்பரம். அடுத்து ஒரு செய்திப் படம். கவசமணிந்த படைவீரர், பிடிபட்ட ஒருவனைச் சுட்டு வீழ்த்திவிட்டுப் படக்கருவியை நோக்கிக் கையசைக்கின்றனர். பாட்டு நிற்கவில்லை. காட்சி மெல்லப் பின்வாங்க, அந்தத் தொலைக்காட்சி இருப்பது இடிந்த வீட்டில் என்பதும், வீடு நிற்பது இடிந்த நகரில் என்பதும் தெரிகின்றன. விளம்பரத்துக்கும் கொலைக்கும் இடையே குரல் மாறாமையே இக்காட்சியின் கொடுமை. ஆட்டம் நெடுகிலும் வரும் சிரித்த முகச் சிறுவன் படமும் அத்தகையதே. எலும்பு முறிவையும் நச்சேற்றத்தையும் அவன் அதே சிரிப்போடு விளக்குகிறான். எதிர்காலத்தை 1950களின் அமெரிக்கர் எவ்வாறு கனவு கண்டனரோ அந்த எதிர்காலமே வந்து அழிந்ததாகக் காட்டியது பாயார்ஸ்கியின் நுண்மை. அழிந்தது ஒரு நகர் மட்டுமன்று, ஒரு நம்பிக்கையும் ஆகும்.

பாலை என்பது தனி நிலம் அன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவம் என்னும் கருத்து இவ்வவைக்குப் புதிதன்று. ஃபால்அவுட்டின் பாழ்நிலமும் தன்னியல்பு திரிந்த நிலமே. அது தெற்குக் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ‘போன்யார்ட்’, அதாவது எலும்புக்காடு எனப் பெயர் பெற்றிருக்கிறது. பேக்கர்ஸ்ஃபீல்டு நகரம் ‘நெக்ரோபொலிஸ்’, பிணநகர் ஆகியிருக்கிறது. ஞாயிற்றின் வெம்மை செய்ததை இங்கு மனிதரின் குண்டு செய்தது என்பதே வேறுபாடு. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இக்கதையும் பிரிவில் தொடங்குகிறது.

2077 அக்டோபர் 23ஆம் நாள் குண்டுகள் விழுந்தன. மலைக்குள் குடைந்த 13ஆம் நிலவறையில் புகுந்தோரின் வழித்தோன்றல்கள் 84 ஆண்டுகளாக வெளியுலகைக் கண்டதில்லை. 2161இல் அவர்தம் நீரைத் தூய்மை செய்யும் பொறியின் சில்லு பழுதாகிறது. மாற்றுச் சில்லொன்றைத் தேடிவர ஒருவரை அனுப்புகின்றனர். இருக்கும் நீர் 150 நாளைக்கே போதும். உலகைக் காக்கும் வீரன் என எவரும் அவருக்கு முடிசூட்டவில்லை. தண்ணீருக்காக அனுப்பப்பட்டவர் அவர், அவ்வளவே. கதவைக் கடந்ததும் முதலிற் கண்ணிற்படுவது, முன்னர் வெளியேறிய ஒருவரின் எலும்புக்கூடு. அதைச் சுட்டினால் திரையின் ஓரத்துச் சிறு கட்டத்தில் இரண்டே தொடர்கள் தோன்றும்: அவர் பெயர் எட் என்பது ஒன்று, எட் இறந்துவிட்டார் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் அவை இயைந்தொலிக்கும். இத்தகைய சுருக்கம் இவ்விளையாட்டின் எழுத்தெங்கும் உண்டு. அக்காலப் படங்களால் காட்ட முடியாதவற்றைச் சொற்களே காட்டின.

நாட்கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். ஹப் என்னும் வணிக நகரில் தண்ணீர் வணிகரைக் காணலாம். பொருள் கொடுத்தால் நிலவறைக்கு நீர்வண்டி அனுப்புவர். கெடு 100 நாள் நீளும். நல்ல செயலே. ஆயின் வண்டித் தடம் வழியே நிலவறை இருக்குமிடம் வெளியே கசிகிறது. பகைவரின் வருகை விரைகிறது. உதவியே ஊறாவதை எவரும் விளக்கிச் சொல்வதில்லை. நேரும்போது ஆடுபவர் உணர்வார். நாட்கெடு தொல்லை தருகிறது என ஆடியோர் பலர் முறையிட்டமையால் திருத்தப் பதிப்பில் பகைவரின் படையெடுப்புக்குரிய கெடு ஏறத்தாழ நீக்கப்பட்டது. நீக்கியதனால் ஆட்டம் எளிதாயிற்று; சற்று மெலிந்தும் போயிற்று. நீர் வற்றுகிறது என்னும் கதையில் காலம் வற்றாதிருப்பது பொருந்தவில்லை.

ஆடுபவர் தம் பாத்திரத்தைத் தாமே படைத்துக்கொள்ள வேண்டும். வலிமை, புலனறிவு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, விரைவு, நல்லூழ் என்னும் ஏழு பண்புகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பளிக்கலாம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும். பிற ஆட்டங்களில் இத்தகைய எண்கள் அடிதடிக் கணக்கோடு நின்றுவிடும். இங்கோ அவை மொழியையே மாற்றுகின்றன. அறிவை மிகக் குறைத்துப் படைத்துக்கொண்ட பாத்திரத்துக்கு முனகலும் ஓரிரு சிதைந்த சொற்களுமே வாய்க்கும். ஊரார் இரங்குவர், எரிச்சலுறுவர், விரட்டுவர். நூறு வாயில்களில் எண்பது சாத்திக்கொள்ளும். சொல்வளம் உடையார்க்கு உலகம் எவ்வளவு அகலமானது, இல்லார்க்கு எவ்வளவு குறுகியது என்பதைக் கட்டுரை எழுதிச் சொல்லலாம். அந்த இன்மையை ஒருவர் மேல் சுமத்திப் பல மணி நேரம் நடக்கவிடுவது வேறு. இதனை நூலால் செய்ய இயலாது என்பதை நூலை நேசிப்போரும் ஒப்ப வேண்டும்.

ஷேடி சாண்ட்ஸ் என்னும் சிற்றூர்த் தலைவரின் மகள் டாண்டியைக் கொள்ளையர் கவர்ந்து செல்கின்றனர். பொருதும் மீட்கலாம், பொருள் கொடுத்தும் மீட்கலாம், பேசியும் மீட்கலாம். ஏற்ற தோற்றம் வாய்த்தால், கொள்ளையர் தலைவன் தன் இறந்துபோன தந்தையே ஆவியாய் வந்துவிட்டதாக அஞ்சுவான். நகைச்சுவையாக வரும் இந்நிகழ்ச்சியின் பயன் பெரிது. 1998இல் வந்த இரண்டாம் கதையில் அதே டாண்டி ஒரு குடியரசின் தலைவியாய் அமர்ந்திருக்கக் காணலாம்.

பிணநகரின் கதையோ நகைப்புக்கு இடமற்றது. அங்கிருந்த நிலவறையின் கதவு சரிவர மூடவில்லை. உள்ளிருந்தோர் கதிர்வீச்சால் தோலுரிந்து, உருமாறி, ஆயினும் சாகாது வாழ்கின்றனர். தேடிவந்த சில்லு அவர்களிடமே உள்ளது; அவர்தம் நீரும் அதனையே நம்பியிருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடலாம், தடுக்கும் வலிமை அம்மக்களுக்கு இல்லை. கழிவுநீர்க் குகையில் ஒதுங்கி வாழும் சிலர், பழுதான வேறொரு நீரிறைக்கும் பொறியைச் சீர்செய்து கொடுத்துவிட்டுச் சில்லை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றனர். உதிரிப் பாகம் தேட வேண்டும், நாள் செலவாகும், நிலவறையில் தன் மக்களின் நீர் குறைந்துகொண்டிருக்கும். தன் ஊரின் தாகத்துக்கும் அயலார் தாகத்துக்கும் இடையே நிறுத்தப்பட்ட மனிதனின் நிலை இது. ஆசிரியர் எதையும் அறிவுறுத்துவதில்லை. முடிவை மட்டும் குறித்துவைத்துக்கொள்கிறார்.

குறித்துவைத்தவை இறுதியில் வாசிக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஊர்க்கும் என்ன நேர்ந்தது என்பதைப் படத்தோடு ஒரு குரல் சொல்லும். நடிகர் ரான் பெர்ல்மனின் குரல் அது. புகழுமில்லை, பழியுமில்லை. நடந்தது இது என்னும் ஏடு மட்டுமே.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஜங்க்டவுன் என்னும் ஊரில் நேர்மையும் கண்டிப்பும் உடைய கில்லியன் ஒருபுறம்; சூதாட்டக் கூடம் நடத்தும் கிஸ்மோ மறுபுறம். கில்லியன் வென்றால் கடுமையான சட்டத்தால் ஊர் தேங்கும் என்றும், கிஸ்மோ வென்றால் ஊர் செழிக்கும் என்றும் ஆக்கியோர் முதலில் எழுதியிருந்தனர். வெளியீட்டுக்கு முன் அது மாற்றப்பட்டது. நல்லவனைச் சேர்ந்தால் நன்மை, தீயவனைச் சேர்ந்தால் தீமை என்றாயிற்று. முதலில் எழுதியதே உண்மையான எழுத்து. நல்லெண்ணம் நற்பயனாய் முடியாமற் போகும் துயரத்தை எழுத அஞ்சியது இப்படைப்பில் இந்த ஓரிடமே. பிற இடங்களில் அவ்வச்சம் இல்லாமையால் இது உறுத்துகிறது.

இனி, பகைவனுக்கு வரலாம். ‘மாஸ்டர்’ எனப்படும் அவன் ஒரு காலத்தில் மனிதன். போர்க்காலத்து ஆய்வுக்கூடத்தில் உருவான நுண்கிருமியில் அமிழ்ந்து, பொறியோடும் பிற உயிர்களோடும் ஒட்டிக் கலந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் இடிபாட்டில் எழுந்த ஒரு கோயிலின் அடியில் வாழ்கிறான். ஒரே தொடரை ஆண்குரலும் பெண்குரலும் பொறியின் குரலும் மாறி மாறிப் பேசுகின்றன. அவன் நோக்கம் அழிவன்று. வேற்றுமையே போருக்குக் காரணம். ஆகவே மனிதரையெல்லாம் கிருமியில் தோய்த்து வலிய ஒரே இனமாக்கிவிட்டால் போர் ஒழியும் என நம்புகிறான். அவ்வாதத்தை முட்டாள்தனம் எனத் தள்ள முடியாது. அதுவரை கடந்துவந்த ஊர்களின் நிலை அவன் பக்கம் சான்று சொல்கிறது.

அவனை ஆயுதத்தால் வெல்லலாம். அடித்தளத்தில் உள்ள வெடியை இயக்கித் தப்பியும் ஓடலாம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பழைய கருவிகளைப் போற்றிக் காக்கும் ஒரு போர்வீரர் குழுவில் விரீ என்னும் ஆய்வாளர் இருக்கிறார். மாஸ்டர் படைத்த இனத்தாரின் உடலை அறுத்தாய்ந்து, அவர்க்குப் பிள்ளைப்பேறு இல்லை என்பதை அவர் கண்டிருக்கிறார். அச்சான்றைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் எடுத்துரைக்கலாம். முதலில் அவன் நம்புவதில்லை. பொய் என்கிறான். பின்னர்ச் சான்றைப் பார்க்கிறான். அந்தப் பல குரல்களும் தளர்கின்றன. தான் செய்த கொடுமையெல்லாம் பொது நன்மைக்காக என்று தன்னைத் தேற்றிவந்தவனுக்கு அந்த நன்மையே இல்லை என்று தெரிந்த கணம் அது. நம்பிக்கை மிஞ்சியிருக்கும்போதே போய்விடு என வந்தவனுக்கு வழிவிட்டுத் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறான்.

இக்காட்சியை ஆக்கியோர் எளிதில் தந்துவிடவில்லை. நாவன்மை மட்டும் போதாது. தேடி அறிந்த உண்மையும் கையில் வேண்டும். இரண்டும் வாய்த்தவர்க்கு, எதிரியின் மேல் ஒரு குண்டும் பாய்ச்சாமல் கதை முடிகிறது. 1997இல் விற்ற விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் எதிரியிடம் பேச வாயே கிடையாது என்பதை எண்ணினால் இதன் துணிவு விளங்கும். வென்றபின் மகிழ்ச்சி வருவதில்லை என்பதும் நோக்கத்தக்கது. மாஸ்டரின் மேல் இரக்கமே எஞ்சுகிறது. கொல்லவும் காக்கவும் இடந்தந்த படைப்பின் அறநோக்கு எங்கே என்னும் தொடக்கக் கேள்விக்கு விடை இங்குள்ளது. ஆசிரியர் வழியைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு வழிக்கும் உரிய விலையை எழுதிவைத்தார். விலையை எழுதியவன் ஆசிரியனே.

அந்த விலைகளுள் கடைசியானது கொடிது. நீர் கொணர்ந்து, பகைவனையும் ஒழித்துத் திரும்பும் மகனை நிலவறையின் கதவருகே மேற்பார்வையாளர் எதிர்கொள்கிறார். நன்றி சொல்கிறார். பின்னர், உள்ளே வரலாகாது என்கிறார். வெளியுலகைக் கண்டு வந்தவனை இளையோர் வியப்பர், அவர்களும் புறப்பட்டுவிடுவர், நிலவறை காலியாகிவிடும். கல்நெஞ்சர் அல்லர் அவர்; குரல் உடைகிறது. ஆயினும் கதவு மூடுகிறது. கொடுமையே வழக்கமாகக் கொண்டு ஆடியிருந்தால், பாத்திரம் அவரைச் சுட்டுவிட்டே நகரும். மற்றவர்க்குச் சுடுமணலில் முதுகு காட்டித் தனியே நடக்கும் உருவமும், தொடக்கத்தில் ஒலித்த அதே காதற்பாட்டும்தான். பாலைப் பாட்டில் பொருள்தேடிப் பிரிந்தவன் திரும்புவான் என்னும் நம்பிக்கையில் இல்லத்தில் ஒருத்தி காத்திருப்பாள். இங்கே பொருள் கொணர்ந்தவன் திரும்பினான், இல்லம் காத்திருக்கவில்லை.

இதன் உரிமை 2007இல் பெதஸ்டா நிறுவனத்திடம் போயிற்று. 2008 முதல் அந்நிறுவனம் வெளியிட்ட தொடர்ச்சிகள் பெருவாரியாக விற்றன. 2024இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. அவை பரப்பிலும் படத்திலும் பெரியவை. அவற்றைப் பற்றிப் பேச வேறு அவை வேண்டும்.

முதற்கதையின் நாடோடிக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டாம் கதை சொல்கிறது. நிலவறையைத் துறந்து பின்வந்த சிலரோடு அவர் வடக்கே நடந்து, அரோயோ என்னும் சிற்றூரை அமைத்தார். எண்பது ஆண்டு கழித்து அவ்வூரில் அவருடைய பேரப்பிள்ளை நிற்கிறது. நிலவறைவாசிகள் அன்றாடம் உடுத்தும் எளிய நீலச் சட்டை, முதுகில் 13 என எண் பொறித்தது. ஊரார் அதைக் கோயிற் பொருளாகக் காத்துவருகின்றனர்.