பிள்ளைகள் விளையாடட்டும்

(மழலையர் காப்பகப் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



 

இந்தக் கோடையில் காப்பகத்தை மூடுவதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்ததும் நிறையப் பேர் சந்தோஷப்பட்டீர்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். நம் தெருக்களிலிருந்து பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கும் அதைத் தாண்டியும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். ஊரில் இருப்பவர்களிலும் பலர் குடோனில் காய் பொறுக்கப் போகிறார்கள். பள்ளிக்கூடம் மூடினால் தோட்டமும் குடோனும் மூடிவிடுமா? ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே சொன்னது. சின்னச் சின்னத் தோட்டங்களுக்குத் தினக்கூலியாகப் போகிறவர்களுக்கு அது எட்டியதில்லை. அதனால்தான் ஜமாஅத் சந்தாவில் நாம் இதை நடத்துகிறோம்.

சந்தோஷத்தோடு ஒரு கோரிக்கையும் வந்தது. இந்த இரண்டு மாதத்தில் அ, ஆ முழுவதும், ஏபிசிடி முழுவதும், அலிஃப் பே முழுவதும் எழுத வைத்துவிடுங்கள், ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கும்போது உதவும் என்கிறீர்கள். கேட்டவர்கள் அத்தனை பேரும் பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்டீர்கள். ஆனாலும் காப்பகத்தில் இந்தக் கோடையில் எழுத்து வகுப்பு கிடையாது, விளையாட்டுத்தான். காரணத்தைச் சொல்வது என் கடமை.

முதலில் தீன் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொழுகையை விடப் பெரிய பாடம் நமக்கு என்ன இருக்கிறது? அந்தத் தொழுகையையே ஏழு வயதில்தான் பிள்ளைக்கு ஏவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அபூதாவூதில் பதிவான ஹதீஸ் இது. அதற்கு முன்னால் பிள்ளை நம் பக்கத்தில் நின்று குனிந்து நிமிர்ந்தால் ரசிக்கிறோம், விட்டுவிட்டு ஓடினால் சிரிக்கிறோம். ஏழு வயது வரை தொழுகையிலேயே அவகாசம் இருக்கும்போது, மூன்றரை வயதில் நாலு வரி நோட்டுக்கு என்ன அவசரம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மை வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் வரும்போது ஒளிந்துகொண்ட தோழிகளை அவர்களே மறுபடி விளையாட அனுப்பி வைத்ததும் புகாரியில் இருக்கிறது. அந்தப் பொம்மைகளில் ஒரு குதிரைக்கு இறக்கை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இருந்ததே என்று அன்னையவர்கள் பதில் சொல்ல, நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குதிரைக்கு இப்படியெல்லாம் இறக்கை வைக்கக்கூடாது என்று அங்கே யாரும் திருத்தவில்லை. நம் வீட்டுப் பிள்ளை நீல நிறத்தில் மாடு வரைந்தால் நாம் என்ன சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொம்மை கூடுமா என்று போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். பிள்ளைகள் விளையாடும் பொம்மையைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிப்பது இந்த ஹதீஸை வைத்துத்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மறைந்தது கி.பி. 1111-ல். தங்களுடைய இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும் இடத்தில், மக்தப் முடிந்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் களைப்பாற விட வேண்டும் என்கிறார்கள். விளையாட விடாமல் எந்நேரமும் படிப்பிலேயே நெருக்கினால் உள்ளம் செத்துப்போகும், புத்தி மழுங்கும், கடைசியில் படிப்பிலிருந்தே தப்பிக்கத் தந்திரம் தேடும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். மக்தபுக்குப் போகும் வயதுப் பிள்ளைக்கே இப்படி என்றால், காப்பகத்துப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா?

இதெல்லாம் மார்க்கம், இந்தக் காலத்துப் படிப்பு வேறு என்று நினைப்பவர்களுக்கு நமக்குப் பக்கத்து மலையிலிருந்தே ஒரு செய்தி சொல்கிறேன். மாண்டிசோரி என்ற பெயரைப் பள்ளிக்கூடப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அவர் இத்தாலிய நாட்டு டாக்டர் அம்மா. 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். அத்தாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு, பள்ளி வயது ஆகாத பிள்ளைகள் கட்டடத்தின் படிக்கட்டில் கேட்பாரற்றுத் திரிந்தார்கள். அவர்களுக்காகத்தான் அது ஏற்பட்டது. நம் காப்பகத்தின் கதையும் அதேதான். 1939-ல் சென்னை அடையாறுக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, அங்கேயும் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்.

இன்று அவர் பெயரைப் போட்டுக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அந்த அம்மா கொடுத்தது வேறு: ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துணி மடிப்பது, பெரிதையும் சிறிதையும் பிரிப்பது. எழுத்தைக்கூட முதலில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பார்க்க வைத்தார். பென்சில் அதற்குப் பிறகுதான். மூன்று வயதில் விரல்களும் மணிக்கட்டும் இன்னும் வலுப்படவில்லை. மாவு பிசைந்து, ஈரத்துணி பிழிந்து, மண்ணை அள்ளிக் கொட்டித்தான் அந்தக் கைக்குத் தெம்பு வரும். அந்தத் தெம்பு வந்த கையில் ஐந்து வயதில் பென்சில் கொடுத்தால் சீக்கிரம் பழகிக்கொள்ளும். அதற்கு முன்னால் திணித்தால், பிள்ளை கட்டை விரலை மடக்கி முஷ்டியாகப் பிடித்து எழுதும். அதைத் திருத்துவது பெரும்பாடு. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் இந்த வயதுக்கு விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது.

சரி, காப்பகத்தில் என்ன செய்யப் போகிறோம்? கடையில் எதுவும் வாங்கப் போவதில்லை.

குடோனில் காய் பொறுக்கும் தாய்மார்களே, உங்கள் வேலையைத்தான் பிள்ளைகளுக்கு விளையாட்டாக வைத்திருக்கிறோம். எட்டு மில்லிக் காய் தனி, ஏழு மில்லி தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று சல்லடையும் கண்ணுமாக நீங்கள் பிரிக்கிறீர்களே, அதுதான் கணக்குப் பாடத்தின் முதல் படி. ஒன்று, இரண்டு என்று நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையை விட, ஒரு கூடைப் பொருளைப் பார்த்து இது பெரிசு, இது சிறிசு, இது அதே மாதிரி என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு எளிதாக வரும். நான்கு வயதுக்காரர்களுக்குப் புளியங்கொட்டை, மொச்சை, சோளம். சின்னதுகளுக்குக் காய்ந்த மாங்கொட்டையும் கொட்டாங்கச்சியும் டப்பா மூடியும். மாம்பழக் காலம்தானே, கொட்டைக்குப் பஞ்சமா?

அடுத்தது இலவம் பஞ்சு. நம் ஊர் மெத்தைக்குப் பேர் போனது. இது காய் வெடிக்கும் காலம். ஆஷூரா நோன்பு வைத்த சிறு பிள்ளைகள் பசியால் அழுதால், நோன்பு திறக்கும் நேரம் வரை கம்பளியில் செய்த விளையாட்டுச் சாமானைக் கொடுத்து ஆற்றினார்கள் ஸஹாபாப் பெண்மணிகள். புகாரியில் வரும் அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் நம் ஊரில் பஞ்சு இருக்கிறதே என்று தோன்றியது. பழைய துணியில் பந்து, முயல், யானை தைக்கப் போகிறோம். பஞ்சு அடைப்பது பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பெரியவர்கள் கையால்தான். பறக்கும் பஞ்சு மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. தைக்கத் தெரிந்த நன்னிமார்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் பெரிய உதவி.

காலை வெயில் ஏறுவதற்கு முன் வேப்பமர நிழலில் நுங்கு வண்டி, மணல், கிச்சுக்கிச்சு தாம்பாளம். மண்ணில் கூட்டாஞ்சோறு, செப்புச் சாமான். ஆண் பிள்ளை சோறாக்கி விளையாடினால் யாரும் கேலி பண்ண வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலை செய்தவர்கள்தாம். பெண் பிள்ளையும் நுங்கு வண்டி ஓட்டட்டும். பதினொரு மணிக்கு மேல் எல்லோரும் உள்ளே: கதை, ஈரக் களிமண், அகலத் தட்டில் தண்ணீர்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் இதையெல்லாம் விளையாடவிட்டால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கொட்டை, விதை, பொத்தான் எதுவும் வேண்டாம். மூக்கில் போகும், தொண்டையில் அடைக்கும். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். தவழும் பிள்ளை மூழ்கக் கால் வாளித் தண்ணீர் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மருந்து டப்பா. ஏலத்துக்கு அடிக்கடி மருந்தடிக்கிறார்கள். காலி டப்பா வண்ணமாக, மூடியோடு, கெட்டியாக இருக்கிறது. தண்ணீர் மொள்ள நல்லது, பிள்ளைக்கு விளையாட ஆகும் என்று தோட்டத்திலிருந்து எடுத்து வருகிறோம். தயவுசெய்து எடுத்து வராதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது விஷ டப்பாதான். தோட்டத்திலேயே ஓட்டை போட்டு யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடச் சொல்லுங்கள். மருந்தடித்துவிட்டு வரும் அத்தாமார்கள், பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் குளித்து உடை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

செல்போனைப் பற்றி நீளமாகப் பேசவில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதுதான்: இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரு வயது முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். மூன்று மணி நேரம்! உட்கார வைத்து எழுத வைத்தால் அந்த மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது?

எல்.கே.ஜி. சேர்க்கையில் பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று எந்தப் பள்ளியாவது திருப்பி அனுப்பினால் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். நிர்வாகத்தின் சார்பில் நானே உங்களோடு வந்து பேசுகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறோம். ஜீப்புக்குப் போகிறவர்களுக்காக ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் கதவு திறந்திருக்கும். பிள்ளையோடு ஒரு மாற்றுத்துணி, பெயர் எழுதிய தண்ணீர்ப் பாட்டில், வீட்டில் கிழிந்த பருத்திச் சேலை அல்லது வேட்டி இருந்தால் அதையும் கொடுத்தனுப்புங்கள். புதுச்சட்டை வேண்டாம், மாலையில் அது களிமண்ணோடுதான் வீட்டுக்கு வரும். ஆசிரியைகளிடம் யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாங்கொட்டைகளைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தாருங்கள். ஈரத்தோடு தந்தால் எறும்பு மொய்த்துவிடும்.