கொல்லை மாமரமும் அதன் பட்டையும்

(ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பலமுறை உங்களிடம் பேசியிருக்கிறேன். இன்று உங்கள் கொல்லையில் நிற்கும் மாமரத்தைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் தாயார் நட்டு வளர்த்த மாமரத்தின் அடிப்பட்டையில் ஒரு துளை தோன்றிற்று. அதிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. காரணத்தை ஆராயாமல் நான் சிமெண்டு பூசித் துளையை அடைத்துவிட்டேன். புழுவோ உள்ளேயே இருந்தது. மறு ஆண்டு ஒரு கிளை காய்ந்தது. அதற்கடுத்த ஆண்டு மரமே பட்டுப்போயிற்று. பட்டம் பெற்ற எனக்கு நேர்ந்த இப்பிழை உங்களுக்கு நேரலாகாது.

இலைகளில் உண்டாகும் உணவு, பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றிலும் பட்டை அறுபட்டால் வேர் பட்டினியால் மடியும். மாடு கட்டும் கயிறும், துணி உலர்த்தக் கட்டும் கம்பியும் நாளடைவில் இத்தீங்கையே செய்கின்றன.

எனவே, மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுங்கள். பட்டை உரிந்திருந்தும் துளையோ தூளோ காணப்படாவிடில், அது பெரும்பாலும் கயிற்றாலோ ஆட்டின் பல்லாலோ நேர்ந்த காயமாகும். தூளும் எச்சமும் நூலால் பின்னப்பட்டு, பட்டையின்மேல் நாடாபோல் ஒட்டியிருந்தால், அது பட்டை தின்னும் புழுவின் வேலை. துளையினின்று தூள் வெளிப்பட்டு அடியில் குவிந்தால், அது தண்டுத் துளைப்பான். அதன் வண்டு பட்டைப் பிளவுகளில் முட்டையிடும். புழு கட்டையைக் குடைந்து பல மாதங்கள் உள்ளே வாழும்.

புழு இருப்பின், பின்னலையும் தூளையும் துடைத்து, முனை வளைந்த கம்பியைத் துளையில் செலுத்திப் புழுவை வெளியே இழுத்தெடுக்க வேண்டும். பின்னர் மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோலில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் மூடுக. அருகில் நெருப்பு இருத்தல் கூடாது.

வெறும் காயமாயின், பிய்ந்த பட்டையைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை வரையில் மட்டும் செதுக்கி, போர்டோ பசை பூசுக. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துக் கலந்தால் பசை ஆயிற்று. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது, இரும்பு ஆகாது. கலவையில் இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் தோய்த்துப் பாருங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

கிளை வாடிய உடனே கோடரியை எடுத்துவிட வேண்டா. கத்தி முனையால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே ஈரமும் பசுமையும் தென்பட்டால் அங்கே உயிர் இருக்கிறது.

ஊராட்சி மரங்களில் சுற்றியுள்ள கம்பிகளை அகற்றுவது உறுப்பினர்களாகிய உங்கள் பொறுப்பு. இன்று வீடு திரும்பியதும், கொல்லை மரத்தை ஒருமுறை சுற்றிவந்து அதன் அடியைக் குனிந்து பாருங்கள். நான் அன்று அதைச் செய்யத் தவறினேன்.