ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு திண்ணை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"ஏதாச்சும் டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா தூங்க வச்சுராத" என்பது செயலாளர் அண்ணனின் கட்டளை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மைக்கைக் கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய? அதனால் பாடம் நடத்தவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு சிறிய ரப்பர் கம்பெனி. நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எனக்கு அங்கே மெஷின் பராமரிப்புதான் வேலை. ஆனாலும் "நீங்க எஞ்சினியர்தானே" என்று கம்ப்யூட்டர்களும் என் தலையில் விழுந்தன. சின்ன கம்பெனிக்குப் போகப்போகிற தம்பிமார்கள் இதற்கு இப்போதே மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்க்கும் அக்காவின் மேஜையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். டேலி, சம்பளப் பட்டியல், பேங்க், மெயில், கூகிள் எல்லாம் அதில்தான். எதை இன்ஸ்டால் செய்தாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். "தம்பி, மறுபடியும் கேக்குது" என்று அக்கா கூப்பிடுவார். கீழேயிருந்து மாடிப்படி ஏறி ஏறி அலுத்துப்போய், ஒருநாள் அவருடைய லாகினையே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிட்டேன். "இனிமே கேக்காதுக்கா" என்றேன். கேட்கவும் இல்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பி.டி.எஃப். கோப்பை எக்செலாக மாற்ற வேண்டியிருந்தது. அக்கா கூகிளில் தேடினார். முதலில் வந்தது விளம்பரம். அதைத் தொட்டதும் இலவச மென்பொருள் ஒன்று இறங்கியது. 'ரன்' அழுத்தினார். வேடிக்கை என்னவென்றால், பி.டி.எஃப். ஒழுங்காக மாறியது! மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் ஒரு வால் முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு கடிதம். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதே கம்ப்யூட்டரில் எந்நேரமும் செருகியே வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கில். அதுவும் பூட்டிக்கிடந்தது.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, "வேலை நேரத்துல என்னத்தம்மா பாத்தீங்க?" என்றார். மாலைக்குள் 'சினிமா பாத்தாங்களாம்' என்று கீழே பேச்சு. அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள்.

மூன்றாம் நாள் போய், "அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்தது நான்தான் சார். பேக்கப்பைக் கழட்டி வைக்காததும் நான்தான்" என்றேன். "இதை முந்தாநாளே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. போனஸ் பட்டியலை வருகைப் பதிவேட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் வைத்து அக்காவும் நானும் ராத்திரி ராத்திரியாக மறுபடி தயாரித்தோம்.

சின்னக் கம்பெனிக்குத்தான் இந்த கதி என்று நினைக்க வேண்டாம். நம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய கூடங்குளத்தில் 2019-ல் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் 'டிட்ராக்' என்ற உளவு நிரல் புகுந்திருந்தது. எந்த விசையை அழுத்துகிறோம், எந்தெந்தத் தளத்துக்குப் போனோம், டிஸ்க்கில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேகரிக்கக்கூடியது அது. செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே வந்தபோது, 29-ஆம் தேதி அணுமின் நிலையம் மறுத்தது. 30-ஆம் தேதி கழகமே ஒப்புக்கொண்டது. எனக்கு இரண்டு நாள் ஆனது போல அவர்களுக்கும் ஒருநாள் ஆகியிருக்கிறது!

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் என்னைவிட எவ்வளவோ மேல். பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட்டோடு இணைந்த கம்ப்யூட்டர். உலையை இயக்கும் அமைப்பு தனி. இரண்டுக்கும் இணைப்பு இல்லை என்று கழகம் சொன்னது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் வழிப்போக்கர் யார் வந்தாலும் திண்ணையில் உட்காரலாம், மோர் குடிக்கலாம். நகைப்பெட்டி இருக்கும் அறைக்குள் யாரும் போக முடியாது. நான் நகைப்பெட்டியைத் திண்ணையில் வைத்திருந்தேன்.

இப்போது எங்கள் ஆபீசில் இன்டர்நெட்டில் தேடுவதற்கென்று தனி கம்ப்யூட்டர், தனி நெட்வொர்க். அதற்குப் பெயரே திண்ணைதான். முதலில் மூலையில் கிடந்த விண்டோஸ் 7 பெட்டியைத் தூக்கி அங்கே வைத்தேன். அதுவும் தப்பு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. தெருவைப் பார்த்து நிற்கிற கம்ப்யூட்டர்தான் புதுசாக, அன்றாடம் அப்டேட் ஆவதாக இருக்க வேண்டும். பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டோம். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் வைத்தோம். டி.என்.எஸ். முகவரியை 9.9.9.9 என்று மாற்றினோம். தீய தளம் என்று தெரிந்த முகவரிகளை அதுவே திறக்காமல் நிறுத்திவிடும், காசும் கிடையாது. டேலி இருக்கும் கம்ப்யூட்டரில் பேங்க், ஜி.எஸ்.டி. தளங்களைத் தவிர வேறெதுவும் திறக்காது.

எல்லோருக்கும் சாதா லாகின்தான். அதனால் மட்டும் தப்பிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். அந்த லாகினில் திறக்கக்கூடிய ஃபைல்களை வைரசும் பூட்ட முடியும். அதனால்தான் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது முதலாளி வீட்டு பீரோவில். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பார்ப்போம். திண்ணைக்கும் உள்ளறைக்கும் நடுவே போய்வரும் பென் டிரைவ்தான் இன்னும் என் கவலை. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் அப்படிப் பரவக்கூடியதுதானே.

இன்னொன்று. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இந்த மாதிரி சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். முதலில் ஆபீசுக்குள் பயமில்லாமல் சொல்ல முடிந்தால்தானே 6 மணி நேரம் கணக்கு! எங்கள் ஆபீசில் இப்போது யார் எதைத் தெரியாமல் தொட்டாலும் உடனே நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு எனக்குக் கூப்பிடுவார்கள். யாரும் திட்ட மாட்டார்கள் என்று முதலாளியே சொல்லிவிட்டார். போன மாதம் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றுமில்லாத விஷயம். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

அக்கா அங்கேதான் இருக்கிறார். அவசரத்துக்கு வேண்டுமே என்று அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை ஒருமுறை எழுதிக் கொடுக்கப் போனேன். "எனக்கு வேணாந் தம்பி, நீங்களே வச்சுக்கங்க. கேட்டா ஏறி வாங்க" என்றுவிட்டார். ஏறிப்போய்க்கொண்டிருக்கிறேன்.