கரைந்த தீவும் கான்கிரீட் பாரும்
(பழைய மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது ஹாஸ்டல் காலத்துச் சட்டம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள். இன்றைக்குப் படகெடுத்துப் போய் எண்ணினால் 19தான் தேறும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. மூன்றாவதாகப் போக இருந்தது தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள வான் தீவு. 1969-ல் ஏறத்தாழ 50 ஏக்கர் இருந்த தீவு அது. 2015 வாக்கில் 5 ஏக்கர்கூட மிஞ்சவில்லை.

ஏன் கரைந்தது? கடல் மேல் மட்டும் பழி போட முடியாது. இந்தத் தீவுகளெல்லாம் மலைப்பாறை அல்ல. பவளப்பாறை உடைந்த சல்லியும் மணலும் சேர்ந்து உண்டானவை. சுற்றிலும் இருக்கிற பவளப்பார்தான் இவற்றுக்குக் காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவரையே பல ஆண்டுகள் வள்ளம் வள்ளமாகப் பெயர்த்து எடுத்தார்கள். முருகைக்கல் என்று சொல்வார்களே, அதுதான். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, கட்டடத்துக்குப் போனது, தொழிற்சாலைக்கும் போனது. 1986-லேயே இந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாகிவிட்டன. ஆனாலும் 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகு, 2005 வாக்கில்தான் கல் எடுப்பது நின்றது.

இதிலுள்ள கணக்கு நாம் எல்லோரும் படித்ததுதான். அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும். பார் தடுத்து அலையின் உயரம் பாதியானால், கரையில் மோதுகிற சக்தி கால் பங்குதான். பாரைப் பெயர்த்துவிட்டால் முழு அலையும் வந்து மணலை வாரிக்கொண்டு போகும். எடுத்தவர்களுக்குக் கிடைத்தது சுண்ணாம்பு. இழந்தது யார்? பாரில் மீன் அடைந்தால்தான் வலையில் மீன் விழும் என்கிற நாட்டுப்படகுக்காரர்கள் இழந்தார்கள். தீவுகள் அலையை வாங்கிக்கொள்ளும் தைரியத்தில் குடியிருக்கிற கரையோர ஊர்களும் இழந்தன.

அந்தக் கடலில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பவளம். புல்வெளி போலக் கடற்புல். அதை மேய வருகிற ஆவுளியா என்னும் கடல்பசு. ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, சங்கு. ஒரு காலத்தில் உலகமே தேடி வந்த முத்துச்சிப்பியும் இந்தப் பார்களில் விளைந்ததுதான். கடைசியாக 1961-ல் முத்துக் குளித்தார்கள். அதற்கப்புறம் அந்தக் குளிப்பு நடக்கவில்லை. ஒரு செல்வம் போனால் திரும்பி வருவது அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, வான் தீவுக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் நம்ம தொழில் வருகிறது. சிவில்காரனிடம் கேட்டால் முதலில் "சுவர் கட்டு" என்பான். ஆனால் கெட்டிச் சுவரில் அலை மோதித் திரும்பும்போது சுவரின் அடிமண்ணையே அரிக்கும். அதனால் சென்னை ஐஐடியும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் அரசோடு சேர்ந்து வேறு வழி பார்த்தன. சரிவான பக்கங்களும் ஓட்டைகளும் உள்ள கான்கிரீட் கூடுகளை வார்த்து, தீவின் கடல் பக்கத்தில் வளைவாக இறக்கினார்கள். ஒன்றிரண்டு இல்லை, பத்தாயிரத்துக்கும் மேல். அலையில் ஒரு பங்கு உடையும், ஒரு பங்கு ஓட்டை வழியே தணிந்து உள்ளே போகும். தணிந்த தண்ணீர் மணலைக் கீழே போடும். இவ்வளவுதான் சூத்திரம். தீவு கரைவது நின்றது, மணலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. கான்கிரீட் மேலேயே பவளம் ஒட்டி வளர, மீன்களும் குடிவந்தன. கல்லை எடுத்து அழித்ததைக் கல்லைப் போட்டே ஓரளவு மீட்டிருக்கிறார்கள்.

ஆனால் நண்பர்களே, இதைப் பார்த்து "எதை அழித்தாலும் என்ஜினீயர் கட்டித் தருவான்" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உயிருள்ள பாருக்குக் கியூரிங் வேண்டாம், மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் வேண்டாம், உடைந்தால் தானே வளர்ந்துகொள்ளும். நம்ம கான்கிரீட்டுக்கு அந்த வித்தை தெரியாது. மேலும் கடல் சூடேறினால் பவளம் தன் உடம்புக்குள் வாழும் பாசியை இழந்து வெளிறிப் போகிறது. 2010-லும் 2016-லும் இங்கே அப்படி வெளிறி நிறையச் செத்தது. அதைக் கான்கிரீட் தடுக்காது. அடுத்ததாகப் பக்கத்துக் காரைச்சல்லித் தீவும் கரைந்துகொண்டிருக்கிறது. அங்கேயும் செயற்கைப் பார் இறக்க மாநில அரசு திட்டம் போட்டிருக்கிறது.

நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம்மில் பலர் துறைமுகம், தூண்டில் வளைவு, அனல்மின் நிலையம் என்று கடற்கரை வேலைகளில் இருக்கிறோம். கையெழுத்துப் போடும் முன், மணல் எந்தப் பக்கம் நகர்கிறது, பக்கத்தில் பார் இருக்கிறதா, கடற்புல் இருக்கிறதா என்று கேட்போம். கேள்வி கேட்கச் செலவில்லை. இரண்டு, சேட்டிலைட் படங்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டுதோறும் நம் கல்லூரியின் கடைசி ஆண்டு மாணவர்கள் இருவர் ஒரு தீவின் கரைக்கோட்டை அளந்து, போன வருடத்தோடு ஒப்பிட்டு ஒரு ப்ராஜெக்ட் செய்யட்டும். படகுச் செலவையும் வழிச்செலவையும் சங்கம் ஏற்கட்டும். முதல் வருடத்துக்கு என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.

19 என்ற எண்ணிக்கை 18 ஆகாமல் இருந்தால் அதுவே பெரிய சாதனை. அடுத்த ஒன்றுகூடலில் அந்த மாணவர்களே இந்த மேடையில் நின்று கணக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.