‘கட்டையை எடு’: கணினிக்குத் தமிழில் ஏவலிடுதல்



மனிதர் பேசும் மொழியிலேயே தட்டச்சிட்ட கட்டளைகளை ஏற்று நடந்த பழைய கணினி நிரல் ஒன்றைப் பற்றி இன்று பேச வந்துள்ளோம். அதன் பெயர் ஷ்ருட்லூ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டெர்ரி வினோகிராட் என்னும் ஆய்வு மாணவர் 1968-க்கும் 1970-க்கும் இடையில் அதனை எழுதினார். அது ஆங்கிலம் மட்டுமே அறிந்த நிரல். ஜொகூரில், தமிழாசிரியர் நிறைந்த அவையில், அதனைப் பேசுவானேன்? அத்தகைய நிரலுக்குத் தமிழில் ஏவலிட முனைந்தால், நம் இலக்கணப் பாடம் எதற்காக இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியவரும். அதற்காகத்தான்.

பெயரைக் கேட்டு மருள வேண்டியதில்லை. பழைய லைனோடைப் அச்சுக்கோப்புப் பொறியின் விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகள், மிகுதியாகப் பயில்வது முன்னும் குறைவாகப் பயில்வது பின்னுமாக அமைந்திருந்தன. அதன் இரண்டாம் செங்குத்து வரிசையில் உள்ள ஆறு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவதே இப்பெயர். பொருள் உணரும் நிரலுக்குப் பொருளற்ற சொல்லைச் சூட்டிய குறும்பை அச்சுக்கூடம் அறிந்தவர்கள் சுவைப்பார்கள்.

அது பிடிபி-6 என்னும் கணினியில் இயங்கியது. அதன் உலகம் ஒரு மேசை. அந்த மேசையும் மெய்யானதன்று. திரையில் கோடுகளால் வரைந்தது. அதன்மீது பல நிறக் கட்டைகள், கூம்பகங்கள், ஒரு பெட்டி. அவற்றை எடுத்து வைக்க ஒரு கை. இயக்குபவர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சிடுவார். கை அசையும், அல்லது விடை எழுத்தில் வரும். மேலே வேறு பொருள் இருக்கும் கட்டையை எடுக்கச் சொன்னால், மேலிருப்பதைத் தானாகவே முதலில் அகற்றும். பின்னர், ஏன் அகற்றினாய் என்று கேட்டால் காரணமும் கூறும். எந்தக் கூம்பகம் என்பது விளங்காவிடில், விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும். புதிய சொல்லை வரையறுத்துக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும். வாக்கியத்தைப் பகுத்தல், அதன் பொருளை மேசையோடு ஒட்டிப் பார்த்தல், செயலைத் திட்டமிடல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வினவிக்கொண்டே நடந்தன. அந்நிரலின் சிறப்பு அங்கேதான் இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் ‘வை, கூம்பகம், கட்டைமேல், பெட்டிக்குள்’ என்னும் வரிசையில் ஓர் ஏவல் அமைந்தால் இரு பொருள் படும். கட்டைமேல் இருக்கும் கூம்பகத்தைப் பெட்டிக்குள் வைப்பதா? கூம்பகத்தைப் பெட்டிக்குள் இருக்கும் கட்டைமேல் வைப்பதா? கட்டைமேல் கூம்பகம் ஏதும் இல்லையெனில் முதற்பொருளைத் தள்ளிவிட வேண்டும். மேசையைப் பார்க்காமல் வாக்கியத்தைப் பகுக்க இயலாது. ஆயினும், நாம் இப்போது தமிழில் கேட்ட இரண்டு வினாக்களிலும் அந்த மயக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘இருக்கும்’ என்ற பெயரெச்சம் எந்தப் பெயரைத் தழுவுகிறதோ, அதைக் கொண்டே பொருள் பிரிந்துவிட்டது. ஆங்கிலம் மேசையிடம் கேட்டு அறிவதை, இவ்விடத்தில் தமிழ் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது.

ஏவலும் நமக்கு எளிது. ஏவல் ஒருமை வினைமுற்று பகுதியளவாகவே நிற்கும்: எடு, வை, அடுக்கு. நன்னூலார் வினைப்பகுதிகளுக்கு எடுத்துக்காட்டுத் தரும்போது, 23 ஈறுகளுக்கும் ‘நட’, ‘வா’ முதலான ஏவற்சொற்களையே தருகிறார். இடைநிலை பிரிக்கும் வேலை நிரலுக்கு இல்லை. ‘எடுங்கள்’ என்று மரியாதை சேர்த்தாலும் விகுதிதான் மிகும். (இயந்திரத்திற்கு மரியாதை வேண்டுமா என்பதை மாணவர்கள் பட்டிமன்றத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.)

இனி, இடர்ப்பாடுகள். ஆங்கிலம் பெயருக்கு முன் இடும் ‘ஏ’, ‘த’ என்னும் சிறு சொற்கள் ஷ்ருட்லூவுக்குப் பேருதவி செய்தன. முன்னது வந்தால் ஏதேனும் ஒரு கட்டை. பின்னது வந்தால் இருவரும் அறிந்த குறிப்பிட்ட கட்டை. தமிழில் அச்சொற்கள் இல்லை. மலாயில் ‘அம்பில் கோத்தாக் இத்து’ என்று பெயருக்குப் பின்னே சுட்டு வருவதை நம் மாணவர்கள் அறிவார்கள். தமிழிலும் ‘அந்த’ என்று சுட்டலாம். ஆனால் எல்லா இடத்தும் சுட்டுவதில்லை. ‘கட்டை எடு’ என்பதையும் ‘கட்டையை எடு’ என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதைக் கேட்டவர் ஏதோ ஒரு கட்டையை எடுப்பார். பின்னதைக் கேட்டவர் எந்தக் கட்டை என்று தேடுவார். முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து வந்துள்ளது, பொருளில் மாற்றமில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. மேசைமீது காத்திருக்கும் கைக்கோ அவை இரு வேறு செயல்கள். ‘ஐ’ என்னும் ஓரெழுத்து உருபு செய்யும் வேலையை இதைவிட நன்றாகக் காட்டும் இடம் நமக்குத் தெரியவில்லை.

அடுத்தது இன்னும் கடினம். ‘சிவப்புக் கட்டையை எடுத்துத் திருப்பிப் பெட்டிக்குள் வை.’ எடுத்தது கட்டையை. திருப்பியது எதை? வைப்பது எதை? ஆங்கிலம் ஒவ்வொரு வினைக்கும் ‘அதை’ என்பதற்கு இணையான சொல்லைப் பெரும்பாலும் இட்டாக வேண்டும். அச்சொல் எதைக் குறிக்கிறது என்று ஷ்ருட்லூ முந்தைய உரையாடலில் தேடும். தமிழில் தேடத் தொடங்குவதற்கே ஒரு சொல் இல்லை. வினையெச்சங்கள் செயப்படுபொருளைத் தம்மோடு சொல்லாமல் இழுத்துச் செல்கின்றன. எச்சங்களைப் பத்தாக வகுத்து எண்ணியது தொல்காப்பியம். சொல்லாமல் எஞ்சி நிற்பதைக் கேட்போர் நிரப்பிக்கொள்வர் என்பது நமக்குப் பழகிய மரபு. இங்கே கேட்போர் கணினி.

மேசைக்கு வெளியே ஷ்ருட்லூவின் அறிவு செல்லவில்லை. கட்டைவிரல், கட்டைக்குரல், கட்டைவண்டி எனப் பரந்து கிடக்கும் உலகில் ‘கட்டை’ ஒரு பொருளில் நிற்பதில்லை. வினோகிராடே பின்னாளில் அவ்வழியினின்று விலகி, பெர்னாண்டோ புளோரெசுடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட நூலில், கணினி மொழியை உணர்கிறது என்னும் கருத்தையே ஐயுற்றார்.

அதே கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலைசாவையும் இங்கே சுருக்கமாகக் குறிக்க வேண்டும். அது எதையும் உணரவில்லை. தட்டச்சிட்டவரின் தொடரில் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, ‘என்’ என்பதை ‘உன்’ என்று மாற்றி, வினாவாகத் திருப்பி அனுப்பியது. அவ்வளவிற்கே பலர் அதனிடம் மனந்திறந்து பேசினர்; வைசன்பாம் கவலையுற்றார். தமிழில் அந்தத் தந்திரம்கூட எளிதன்று. ‘வருந்துகிறேன்’ என்பது ‘வருந்துகிறாய்’ என்றோ ‘வருந்துகிறீர்கள்’ என்றோ ஈறு மாற வேண்டும். எது என்பதை முடிவு செய்ய, எதிரில் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும்.

இன்றைய உரையாடல் இயந்திரங்கள் விதி எழுதிச் செய்யப்பட்டவை அல்ல. பெருந்திரளான எழுத்துகளிலிருந்து பழகியவை. அவ்வாறாயின் இலக்கணம் தேவையில்லை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவற்றுக்குப் பழகக் கிடைத்த தமிழ், ஆங்கிலத்தை நோக்கச் சிறிது. அவை பிழைபட விடை தரும்போது, பிழை உருபிலா, எச்சத்திலா, இடத்திலா என்று விரல் வைத்துக் காட்டுபவர் வேண்டும். இல்லையேல் நம் மாணவர், இயந்திரத்திற்குத் தமிழ் வராது என்று எண்ணி ஆங்கிலத்திற்கோ மலாய்க்கோ தாவிவிடுவர். இந்நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழைத் தட்டச்சிடுவதற்காக அத்தனை பேர் உழைத்தபின், தட்டச்சிட ஏவல் இல்லாமற் போவது பெருங்குறை. ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னும் வருகிறது. ஆங்கில வரிசையைப் பெயர்த்தெழுதாமல் தமிழ் வாக்கியத்தின் போக்கிலே அமைத்திருக்கிறார்கள், பாராட்டத்தக்கது.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ஆண்டு 5 மாணவர்க்கு ஒரு மேசை, சில வண்ணக் கட்டைகள், ஒரு காலணிப் பெட்டி போதும். ஒருவர் ஷ்ருட்லூவாக அமரட்டும். மற்றவர் கட்டளையைத் தாளில் எழுதி நீட்டட்டும். வாயால் சொல்லக் கூடாது, குரலும் விரலும் இலக்கணத்தின் வேலையைத் தாமே செய்துவிடும். அமர்ந்திருப்பவர் எழுதியதை மட்டும் செய்ய வேண்டும். இரு பொருள் பட்டால் கை கட்டிக்கொண்டு வினவ வேண்டும். தொடக்கத்திற்கு ஒரு கட்டளை: ‘சிவப்புக் கட்டையையும் கூம்பகத்தையும் பெட்டிக்குள் வை.’ மேசையில் சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றுமாக இரண்டு கூம்பகங்களை வைத்துவிட்டு, தாளை நீட்டச் சொல்லுங்கள்.